மாதங்கியின் விருத்தமும் இரண்டு லேன் கேபிள்களும்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வளசரவாக்கத்தில் ஒரு தையல் கடையின் மாடியில் இருந்த குருவுக்கு நாற்பது வயது. பெயர் நாச்சியார். சினிமாப் பாட்டுகளுக்கு ஒலிக்கலவை செய்கிற வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் அந்த வேலையை மூடி வைத்துவிட்டு, பாட்டுக் கேட்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பார்.

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் தாண்டவராயன். மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவை விடச் சீடர் மூத்தவராக இருப்பதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. கூச்சம் என்கிற சங்கதியே அவர் ஜாதகத்தில் கிடையாது.

முதல் முறை வந்தபோது அவர் சீடராக வரவில்லை. நாச்சியாருடைய ஸ்பீக்கர்கள் சுவருக்கு மிக அருகில் இருக்கின்றன என்று திருத்திவிட்டுப் போக வந்தார். அவர் பேசி முடிக்கும் வரை நாச்சியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பாட்டைப் போட்டு, எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேட்டார். ஒருவர் என்றார் தாண்டவராயன், கண்ணை மூடிக்கொண்டு, சத்தியம் செய்யாத குறையாக. இரண்டு பேர். ஒரே சுருதியில், ஒரே மூச்சில், அக்காவும் தங்கையும். மறுபடி கேட்டபோதுதான் தங்கையின் குரல் அவருக்குப் பிடிபட்டது. அன்றிலிருந்து குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் சார் என்று நாச்சியார் சொல்லிப் பார்த்தார். பிடிவாதத்தில் தாண்டவராயனை இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

அவர் காதும் அதற்குப் பிறகு நன்றாகத்தான் தேறியது. தம்பூராவில் ஒரு தந்தி கொஞ்சம் இளகினால்கூடப் புருவத்தைச் சுருக்குவார். ஆனால் காது தேறத் தேற, அந்தக் காதுக்குத் தீனி போடுகிற சாமான்களும் வீட்டில் பெருகின. ஆம்ப்ளிஃபையர் மாறியது, ஸ்பீக்கர் மாறியது, இணையத்திலிருந்து பாட்டை இழுத்துக் கொடுக்கிற ஸ்ட்ரீமர் பெட்டி வந்தது. எல்லாம் ஆகி முடிந்தபின் மிச்சம் இருந்தது மோடத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஓடுகிற லேன் கேபிள் மட்டும். விடுவாரா.

அன்று மத்தியானம் அவர் மாடியேறி வந்தபோது இரண்டு கைகளிலும் இரண்டு பெட்டிகள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"குருவே, இதுல எது?"

ஒரு பெட்டியில் கறுப்புக் கேபிள். உள்ளே வெள்ளி முலாம் பூசிய கம்பி என்று அட்டையில் போட்டிருந்தது. இன்னொன்றில் வெள்ளை. பருத்தி நூலால் பின்னிய உறை, இரண்டு முனையிலும் உருண்டு திரண்ட உலோகத் தலை, நடுவில் ஒரு அம்புக்குறி. பாட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அந்த அம்பு காட்டுகிறதாம். காலமெல்லாம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்திய மனிதர், அந்த அம்பைப் பார்த்துச் சிரிக்காமல், அது காட்டிய திசையிலேயே கேபிளைச் சொருகி ஒரு வாரம் கேட்டிருக்கிறார். ஆசை வந்தால் பொறியாளர் என்ன, பூசாரி என்ன.

கடைக்காரர் இரண்டையும் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். கறுப்பில் பின்னணி இரைச்சலே இல்லாமல் நல்ல இருட்டாக இருக்கிறது, ஆனால் குரல் அரை அடி பின்னால் தள்ளி நிற்கிறது என்றார் தாண்டவராயன். வெள்ளையில் குரல் முன்னால் வருகிறது, பாட்டு மேடைபோல அகலமாக விரிகிறது, ஆனால் தம்பூராவின் கார்வை கொஞ்சம் மெலிகிறது. ஒரு வாரமாக இதே யோசனை. சாப்பிடும்போதுகூட இதே யோசனை.

நாச்சியார் இரண்டு கேபிள்களையும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"எதைப் போட்டுக் கேட்டீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. "என் பொண்ணு பாடினதுதாம்மா."

மகள் மாதங்கி பெங்களூரில் இருந்தாள். வாரநாளில் ஒரு அலுவலகம், சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. மார்கழியில் இளம் பாடகர்களுக்கு மேடை கொடுக்கிற ஒரு சபாவுக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் இல்லையென்று வந்துவிட்டது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த முறையும் இல்லையென்றால் அந்த மேடை அவளுக்கு இல்லை. ஒரே ஒரு பாட்டுத்தான் அனுப்ப வேண்டும், கடைசி நாள் இன்று. சகானா ராகத்தில் ஒரு விருத்தம் பாடிப் பதிவு செய்து, சபாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். நீங்கள் கேட்டுச் சரி என்று சொன்னால் போதும், வேறு யாரிடமும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தாள். தன் குருவைவிட அப்பாவின் காதை நம்புகிற பெண் அவள்.

இதையெல்லாம் சொல்லும்போது தாண்டவராயனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் போன வாரமே, பிரமாதம், அப்படியே அனுப்பு என்று பதில் போட்டுவிட்டதையும் சொன்னார். இன்று சாயங்காலம் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அவள் அனுப்பிவிடுவாள்.

"அப்படி ஒரு பதிவும்மா. முதல்ல தம்பூரா மட்டும். அப்புறம் அவ மூச்சு இழுக்கிற சத்தம். அதுக்கப்புறம் முதல் வார்த்தை. வயரைச் சோதிக்க அதைவிட வேற என்ன வேணும்?"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நிறுத்திட்டு, அடுத்த வயரை மாத்தி, மறுபடி முதல்லேர்ந்து."

"முழுசாக் கேட்கலையா?"

தாண்டவராயன் சிரித்தார். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா."

நாச்சியார் நாற்காலியைக் காட்டினார்.

அந்த அறையில் சில வழக்கங்கள் உண்டு. கேட்கிறவர் நடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எந்தச் சாமான் மாறியது என்று கேட்கக் கூடாது. போதும் என்றால் வலது கையைத் தூக்கினால் பாட்டு நிற்கும். தாண்டவராயன் உட்கார்ந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டார், கண்ணை மூடினார். முதலில் கறுப்பையும் பிறகு வெள்ளையையும் போடச் சொன்னார். எந்தச் சாமான் என்று கேட்கக் கூடாதுதான், ஆனால் சொல்லக் கூடாது என்று எங்கே இருக்கிறது.

அந்த அறையிலும் ஒரு ஸ்ட்ரீமர் பெட்டி இருந்தது; அதில் போட மகளின் பாட்டுக்கான இணைய இணைப்பைக் கொடுத்தார். தம்பூரா எழுந்தது. மூச்சு. முதல் வார்த்தை. கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"பார்த்தீங்களா, அரை அடி பின்னால."

கேபிளின் பூட்டு விடுபடுகிற சின்னச் சத்தம் கேட்டது. மறுபடி தம்பூரா எழுந்தது. மூச்சு. முதல் வார்த்தை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைத்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"இதுதாம்மா. வெள்ளைதான். சந்தேகமே இல்ல. குரல் எப்படி முன்னால வந்து நிக்குது பாருங்க."

கையைத் தூக்கினார். பாட்டு நிற்கவில்லை.

இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார். நிற்கவில்லை. குரு கவனிக்கவில்லையோ என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் மாதங்கி இரண்டாவது அடிக்குப் போய்விட்டாள்.

அந்த அடியை அவர் இதுவரை கேட்டதே இல்லை.

முதலில் எரிச்சலாக இருந்தது. சோதனை கெட்டுப் போகிறதே என்று நினைத்தார். பிறகு அந்த நினைப்பு எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. மாதங்கி ஒரு வார்த்தையை எடுத்து, அதை விடாமல், மெதுவாக மேலே கொண்டுபோனாள். அவசரமே இல்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்கிற பாட்டு இல்லை அது. இவள் இதை எங்கே கற்றாள் என்று நினைத்தார். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்த பெண்ணா இது என்று நினைத்தார். உயர்ந்த இடத்தில் குரல் நின்றது. தூக்கிய கை எப்போதோ மடியில் இறங்கியிருந்தது. குரல் முன்னால் நின்றதா பின்னால் நின்றதா என்று அவர் பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது. இத்தனை நாள் கேட்காமல் இருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

விருத்தம் முடிகிற இடத்துக்கு வந்தது. மேலேயிருந்து படிப்படியாக இறங்கி, கடைசி வார்த்தையில் வந்து உட்கார வேண்டும். இறங்கினாள். அழகாக இறங்கினாள். உட்காருகிற இடத்தில் குரல் சுருதியிலிருந்து ஒரு நூல் தாழ்ந்து நின்றது.

முள் குத்திய மாதிரி தாண்டவராயன் நாற்காலியில் நிமிர்ந்தார். தம்பூரா ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில். நூலளவுதான். ஆனால் அந்த நூலளவைக் கேட்பதற்காகத்தான் அவர் சனிக்கிழமை தவறாமல் மாடியேறிக்கொண்டிருந்தார். தேர்வு செய்கிறவர்களுக்கும் அதைக் கேட்பதுதான் வேலை.

பாட்டு முடிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடியவள் பெங்களூரில் இருந்தாள். பார்த்தவர் கூடத்தைக் குறை சொன்னார்.

"கடைசியில விட்டுருச்சும்மா. இந்த வெள்ளை வயரு கீழ் ஸ்தாயியைத் தாங்கலை. கறுப்புல போட்டா இது வராது. மாத்துங்க."

"கண்ணைத் திறங்க சார்."

திறந்தார். நாச்சியார் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கேபிளும் வெள்ளைக் கேபிளும் சுருட்டி அவர் மடியில் இருந்தன. ஸ்ட்ரீமர் பெட்டியின் பின்பக்கம் எந்தக் கேபிளும் இல்லாமல் காலியாக இருந்தது.

வெள்ளையைத் தான் சொருகவே இல்லை என்று நாச்சியார் சொன்னார். இந்தப் பெட்டி பாட்டை முதலிலேயே மொத்தமாக இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். கறுப்பு இருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே முழுப் பாட்டும் வந்து சேர்ந்துவிட்டது. பிறகு ஓடியது எல்லாம் பெட்டிக்குள் இருந்ததுதான்.

பொறியாளருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் பிடிவாதக்காரருக்குத் தேவைப்பட்டது. அப்படியென்றால் கறுப்பில் வரும்போதே கோளாறாக வந்திருக்கலாம் என்றார். நாச்சியார் மறுத்துப் பேசவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, மோடத்தோடு இலவசமாக வந்த பழைய மஞ்சள் கேபிளை எடுத்துத் தூசி தட்டிச் சொருகினார். பெட்டிக்குள் இருந்ததை அழித்துவிட்டுப் பாட்டைப் புதிதாக வரவழைத்தார். கடைசி அடியை மட்டும் போட்டார்.

மாதங்கி இறங்கினாள். அதே இடத்தில், அதே நூலளவு தாழ்ந்து நின்றாள்.

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது.

"அப்ப, அவ பாடினதே அப்படித்தான்."

"ஆமா சார்."

"நான் அப்படியே அனுப்புன்னு சொல்லிட்டேன்."

நாச்சியார் கேபிள்களை அதனதன் பெட்டியில் வைத்து மூடினார்.

தாண்டவராயன் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். சாதாரணக் காதுக்கு அது கேட்காது என்றார். நீங்கள் கேட்டீர்களே என்றார் குரு. தேர்வு செய்கிறவர்கள் அவசரத்தில் முதல் பகுதியை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்ல முடியாமல் பாதியில் விட்டார். நாச்சியாரே மாதங்கியைக் கூப்பிட்டுச் சொன்னால் தொழில்முறை யோசனையாக இருக்கும், அவளும் தப்பாக நினைக்க மாட்டாள் என்றார்.

"அவ என்னைக் கேட்கலையே."

"இப்பக் கூப்பிட்டா, ஒரு வாரமா என்னத்தைக் கேட்டீங்கன்னு கேட்பாம்மா."

"கேட்பா."

அவ்வளவுதான் சொன்னார் நாச்சியார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இடம் தேடிக்கொண்டிருந்த தாண்டவராயனுக்கு அங்கே இலையே போடப்படவில்லை. பயமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில், பெற்ற மகளிடம் பேசப் பயமாக இருந்தது. ஃபோனை எடுத்தார். குருவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

மாதங்கி எடுத்தாள். வகுப்பு முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஹாரன் சத்தமும் யாரோ கன்னடத்தில் கூவி விற்கிற சத்தமும் கேட்டன.

"சொல்லுங்கப்பா."

"பாட்டு அனுப்பிட்டியா?"

"இல்லப்பா, வீட்டுக்குப் போய்த்தான்."

"அனுப்பாதே."

அந்தப் பக்கம் ஹாரன் மட்டும் கேட்டது.

"கடைசி அடியில சுருதி சேரலை. நான் இப்பத்தான் முழுசாக் கேட்டேன். போன வாரம் உனக்குப் பதில் போட்டப்ப கேட்கலை. ஆரம்பத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டு வயர்ல எது நல்லாருக்குன்னு பார்க்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மாதங்கி துண்டித்துவிட்டாளோ என்று குனிந்து திரையைப் பார்த்தார். அழைப்பு இருந்தது. ஒரு பேருந்து வந்து நின்று, கதவு திறந்து மூடிப் போனது. அவள் அதில் ஏறவில்லை.

"அந்த இடம் எனக்கே சந்தேகம்தாம்ப்பா," என்றாள். குரல் தணிந்திருந்தது. "நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு, நான்தான் தப்பாக் கேட்கறேன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. நீ சரியாத்தான் கேட்டிருக்கே."

"இறங்கறப்பவா, நிக்கறப்பவா?"

"நிக்கறப்ப."

ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அனுப்பலாம் என்றாள். வீட்டுக்குப் போய் மறுபடி பதிவு செய்துவிடுவாள். அதற்கு முன்னால் அந்த ஒரு இடத்தை இப்போதே பாடிக் காட்டட்டுமா என்று கேட்டாள். வகுப்புக்குக் கொண்டுபோயிருந்த சின்ன மின்தம்பூராப் பெட்டியைக் காதருகில் ஓடவிட்டாள். ஜனங்கள் நிற்கிற இடத்தில், ஹாரன்களுக்கு நடுவே, கையால் வாயருகே மறைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

மேலேயிருந்து எடுத்தாள். ஃபோனின் சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது. காற்று இரைந்தது. தம்பூரா பாதி வந்தது, பாதி வரவில்லை. தாண்டவராயன் மேசைமேல் கவிழ்ந்து கேட்டார். பழக்க தோஷம் யாரை விட்டது. அவர் கை தானாக நகர்ந்து, மேசை ஓரத்தில் இருந்த ஆம்ப்ளிஃபையர் வயரின் முனையைத் தேடி எடுத்தது. இதை ஃபோனில் சொருகிப் பெரிய ஸ்பீக்கரில் கொடுத்துவிட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கலாமே என்று குருவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

நாச்சியார் அவர் கையிலிருந்து வயரை வாங்கிக் கீழே வைத்தார்.

"அவ பாடிக்கிட்டிருக்கா, சார்."